மொக்ரானுக்கு வைத்த கரண்டி

கரண்டி நனைந்திருந்தது.

மற்ற மூன்றும் உலர்ந்துதான் நின்றன. முந்தைய மாலை யென்னாயர் புத்தாண்டு விருந்து முடிந்ததும், மீந்த கூஸ்கூஸ் என்ற கோதுமைக் குருணைச் சோற்றைப் பெரிய மரத்தட்டில் குவித்து, வீட்டார் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வெர்தியா நட்டுவைத்த மரக்கரண்டிகள் அவை. அவளுக்கு ஒன்று, தம்பி மனைவி கெனிமாவுக்கு ஒன்று, கெனிமாவின் ஐந்து வயது மகள் தனினாவுக்குக் குட்டியாய் ஒன்று. நான்காவது, பிடியில் கத்தியால் ஒரு கோடு கீறியது, கடல் கடந்து போயிருக்கும் தம்பி மொக்ரானுக்கு. புத்தாண்டுத் தட்டில் ஊரில் இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது நட்டவளே எடுத்துக் கழுவி ஆணியில் மாட்டுவாள். அதுவரை வேறு யாரும் அவற்றைத் தொடுவதில்லை.

மொக்ரானின் கரண்டிக்கு முன்னால் மட்டும் கூஸ்கூஸ் குழிந்திருந்தது. யாரோ சில வாய் அள்ளித் தின்ற குழி. அடியில் கொஞ்சம் தண்ணீர். எலியென்றால் சிதறியிருக்கும், பூனையென்றால் கோழித் துண்டைத் தேடித் தட்டையே கிளறியிருக்கும். கெனிமா அந்தத் தண்ணீரை விரல் நுனியால் தொட்டு, என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டாள்.

உப்பு.

வெர்தியாவின் இதயத்துக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் உப்புப் போட்டுச் சமைத்ததில்லை. உப்பு ஜாடி அலமாரியின் மேல்தட்டில் காலியாகக் கிடந்தது.

"என்னடி, தட்டையே மொறைச்சுக்கிட்டு நிக்கற? முட்டை போட்டிருக்கா அது?"

வெர்தியா வாசலில் நின்றாள். கம்பளிச் சால்வை தோளிலிருந்து நழுவியிருந்தது. கூடத்துக்கு நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது.

"உங்க தம்பி கரண்டிப் பக்கம் கொறைஞ்சிருக்குக்கா."

வெர்தியா குனிந்து பார்த்தாள். சற்று அதிக நேரமே பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

"அவனேதான் வந்து தின்னுட்டுப் போயிருப்பான். சின்னப் பையனா இருக்கும்போதே அப்படித்தான். எல்லாரும் படுத்ததும் எந்திரிச்சு சட்டியைத் தொழாவுவான். அம்மா செத்த வருஷம் நான் எவ்வளவு ஆக்கிப் போட்டாலும் பத்தாது அந்தக் கழுதைக்கு. போன் பண்ணினா கேளு, அங்க ஸ்பெயின்ல உனக்கு ஒண்ணும் கிடைக்கலையாடான்னு."

"கேக்கறேன்" என்றாள் கெனிமா.

மொக்ரான் போன் பண்ணப் போவதில்லை. இலையுதிர் காலத்தில் ஒருநாள், மேல்தளத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, அவனோடு படகேறிய லூனிஸ் ஏதோ தெரியாத எண்ணிலிருந்து அழைத்தான். பக்கத்துக் கிராமத்துப் பையன். அழுதுகொண்டே பேசினான். "எஞ்சின் நின்னுபோச்சு அண்ணி. நாள்கணக்கா மிதந்தோம். ரொட்டி தீந்துபோச்சு. பசிக்குது, பசிக்குதுன்னு அண்ணன் முனகிக்கிட்டே இருந்தார். விடிஞ்சு பாத்தா அவர் உக்காந்திருந்த இடத்துல அவர் இல்ல." கெனிமா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். கீழே இறங்கியதும் யார் பேசியது என்று வெர்தியா கேட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உதடு நீலம்பாரித்து, சுவரில் சாய்ந்து நின்ற அந்த முகத்தைப் பார்த்துவிட்டு கெனிமா சொன்னாள்: "அவர்தான்க்கா. கரை சேந்துட்டாராம்."

அன்று தொடங்கிய பொய் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. தக்காளிப் பண்ணையில் வேலை என்றாள். முதலாளி குண்டன், குறட்டை விடுவான் என்றாள். வெர்தியா ஒவ்வொன்றுக்கும் வயிறு குலுங்கச் சிரித்தாள். அடுத்த வாரம் அவளுக்கு நகரத்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. அது முடியட்டும், எழுந்து நடக்கட்டும், பிறகு காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம். அதுவரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தாள், அந்தக் கரண்டி நடப்படும் வரைக்கும்.

ஏனென்றால் செத்தவனுக்குக் கரண்டி வைப்பதில்லை. கெனிமா பிறந்த ஊரில், மலைச்சரிவில் விழுந்து செத்த கணவனுக்கு ஒருத்தி வைத்தாளாம். அந்த வீட்டில் இப்போது ஆளில்லை. கூரை இறங்கிக் கிடக்கிறது. செத்தவன் சாப்பிட்டால் தனியாகத் திரும்பிப் போகமாட்டான் என்று பெண்கள் சொல்வார்கள். வீட்டில் இளையதைக் கேட்பானாம். நட்டவளே பிடுங்கி, இவன் செத்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொன்னால் மட்டுமே போவானாம். முந்தைய மாலை, "இது என் மொக்ரானுக்கு" என்று வெர்தியா கரண்டியை ஊன்றியபோது கெனிமாவின் வாய்வரை வந்தது. வெர்தியாவின் உதட்டைப் பார்த்தாள். விழுங்கிவிட்டாள்.

தனினா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து அம்மாவின் பாவாடையைப் பிடித்தாள். அந்தச் சின்னக் கை சூடாக இருந்தது. கெனிமா அதைத் தன் கைக்குள் வைத்து இறுக்கினாள்.

பூனைதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று பகலில் ஆலிவ் மூட்டையைச் செக்கில் இறக்கப் போனாள். ஊர் முழுக்கப் பிண்ணாக்கு வாடை, கசப்பும் புகையுமாய், துணியிலும் முடியிலும் ஒட்டிக்கொள்கிற வாடை. ஜனவரியில் இங்கே வேறு எந்த வாசனையும் மூக்குக்கு எட்டாது. அங்கே வரிசையில் லூனிஸின் அம்மா உட்கார்ந்திருந்தாள். கெனிமாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெர்தியா எப்படி இருக்கா?"

"இருக்காங்க. அடுத்த வாரம் ஆபரேஷன்."

"கல்லு மாதிரி பொம்பளை. நானா இருந்தா..." அவள் நிறுத்திக்கொண்டாள். "நீயும் சாப்பிடு, பொண்ணே. எலும்பா போயிட்ட."

கெனிமாவுக்கு அந்தப் பேச்சு காதில் ஏறவில்லை. பிண்ணாக்கு வாடையினூடே, எங்கிருந்தோ, இன்னொரு வாடை வந்துகொண்டிருந்தது. ஊறிப்போன கம்பளி. டீசல். அழுகின பாசி. திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. ரோட்டில் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. சரிவுக்கு அப்பால், வெகு தூரத்தில், கடல் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. அங்கே போக வேனில் அரைநாள் ஆகும். அங்கிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும் என்று அவள் மனம் ஏன் கணக்குப் போட்டதென்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை குழி பெரிதாகியிருந்தது. தட்டைச் சுற்றித் தரையில் ஈரம். துணியால் துடைத்தாள். துடைத்த இடம் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது.

வெர்தியாவிடம் சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள்தானே. நாளை மாலை அவளே கரண்டிகளைக் கழுவி மாட்டிவிடுவாள். அதோடு தீர்ந்தது.

மத்தியானத்துக்கு மேல் மூடுபனி ஏறியது. பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பி, முதலில் ஆலிவ் தோப்பை, பிறகு கல்லறைத் திட்டை, பிறகு பேக்கரியின் விளக்கை ஒவ்வொன்றாக விழுங்கி, ஜன்னல் கண்ணாடியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. கரன்ட் போய்விட்டது. கேஸ் அடுப்பின் நீலச் சுடர் மட்டும் சமையலறைச் சுவரில் நடுங்கியது. கெனிமா தனினாவை மடியில் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தபோது மேலே சத்தம் கேட்டது.

மேல்தளம் வெறும் தளம். தூண்களும், துருப்பிடித்து வானத்தைக் குத்தி நிற்கும் கம்பிகளும்தான், சுவர்கூட எழும்பவில்லை. அதைக் கட்டி முடிக்கத்தான் மொக்ரான் படகேறினான். அங்கே யாரோ நடந்தார்கள். காற்றில் உருளும் வாளியின் சத்தமாக இருக்கும் என்று நினைத்தாள். வாளி இப்படி நின்று நின்று உருளாது. கனமான கால். ஊறின கால். ஒவ்வொரு அடியும் தரையில் ஒட்டி, பிறகு பிய்ந்து எழுந்தது.

"அப்பா மேல இருக்கார்" என்றாள் தனினா.

கெனிமாவின் கையில் சீப்பு நின்றது. "யார் சொன்னா?"

"நேத்து வந்தார். ரொம்பக் குளிருதாம். இங்க வாங்கப்பா, அடுப்புகிட்டன்னு சொன்னேன். பசிக்குதுன்னு சொன்னார்."

"கனவு கண்டிருப்படி."

"இல்ல. சட்டை எல்லாம் சொட்டுது. நீ ஏன் அவருக்குத் துண்டு குடுக்கல?"

கெனிமா எழுந்து போய், மாடிப்படிக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். அது உயரத்தில் இருந்தது. தனினாவின் கைக்கு எட்டாது. கதவின் கீழிடுக்கு வழியாக ஒரு கோடு தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்து அவள் வெறுங்காலைத் தொட்டது.

அன்று மாலை சொல்லிவிடுவதென்று வெர்தியாவின் அறைக்குப் போனாள். வெர்தியா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் தீர்ந்த விளக்கைப் போல மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"ம்."

"ஒண்ணு சொல்லணும்."

வெர்தியா கண்ணைத் திறந்தாள். "அவன் போன் பண்ணினானா?"

அந்தக் கண்களில் இருந்தது ஆசையா, பயமா என்று கெனிமாவால் சொல்ல முடியவில்லை. "ஆமா" என்றாள். "உங்க கையால செஞ்ச கூஸ்கூஸ் கேட்டார்."

"குடுத்திருக்கேனே" என்றாள் வெர்தியா, சிரிக்காமல்.

அந்த இரவு கெனிமா மகளைத் தன் உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தாள். மேலே நடை நிற்கவே இல்லை. தளத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு. திரும்ப. கூண்டுக்குள் நடக்கும் மிருகத்தைப் போல, உட்கார இடம் கிடைக்காதவனைப் போல.

மூன்றாம் நாள் முழுக்க மூடுபனி விலகவில்லை. கெனிமா எங்கும் உட்காரவில்லை. பாத்திரம் கழுவினாள், கழுவியதையே கழுவினாள். தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். கூஸ்கூஸ் குவியலில் பாதிக்கு மேல் போயிருந்தது. மொக்ரானின் பெரிய கரண்டி சற்றே சாய்ந்து, குட்டிக் கரண்டியின் மேல் தலையை வைத்திருந்தது. நேற்று அவற்றுக்கிடையில் ஒரு கை அகலம் இருந்தது.

தானே பிடுங்கிவிடலாம். சாஸ்திரமாவது ஒன்றாவது. அவள் பெரிய கரண்டியைப் பிடித்தாள். பனிக்கட்டியைப் போல் சில்லென்றிருந்தது. இழுத்தாள். வரவில்லை. உதிரியான கூஸ்கூஸில் நிற்கும் ஒரு மரக்கரண்டி. இரண்டு கையாலும் இழுத்தாள். மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள். மெதுவாக. பிடிவாதமாக. சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கினால் குழந்தை பிடித்துக்கொள்ளுமே, அப்படி.

கையை விட்டாள்.

"அம்மா" என்றாள் பின்னால் தனினா. அவள் பாவாடை விளிம்பு நனைந்திருந்தது. "அப்பா என்கூட சாப்பிட வராரு. என் கரண்டியால ஊட்டிவிடணுமாம்."

"மேல போனியா? சொல்லுடி, மேல போனியா?"

"கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினார்." தனினா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அங்க ரொம்ப இருட்டாம். தனியா போகப் பயமா இருக்காம்."

போதும்.

மகளை அடுப்பருகே பாயில் உட்கார வைத்தாள். அசையாதே என்றாள். கையில் ஒரு காய்ந்த அத்திப்பழத்தைக் கொடுத்தாள். பிறகு வெர்தியாவின் அறைக்கு ஓடினாள். கதவைத் திறந்தே வைத்தாள். அங்கிருந்து பார்த்தால் பாயின் ஓரமும் குழந்தையின் காலும் தெரியும். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூடுபனி சாம்பலாகி, கறுக்கத் தொடங்கியது.

"அக்கா, எந்திரிங்க. அந்தக் கரண்டியை எடுத்துருங்க. இப்பவே."

"இன்னும் இருட்டலையே."

"அவர் இல்லக்கா." அவள் மண்டியிட்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு வந்தது லூனிஸ் போன். நான் பொய் சொன்னேன். அவர் கரை சேரல. கடல்லயே... மன்னிச்சிருங்க. உங்க உடம்புக்கு... எனக்கு வேற வழி தெரியல."

அந்தக் கை துடிக்கும், விரல்கள் விறைக்கும் என்று காத்திருந்தாள். வெர்தியா அசையவில்லை. கண்ணீர் மட்டும் இரண்டு பக்கமும் இறங்கிக் காதுக்குள் போயிற்று.

"தெரியும்டி."

"என்ன?"

"லூனிஸோட அம்மா அந்த வாரமே வந்து சொல்லிட்டா. நீ சொல்றதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். தக்காளிப் பண்ணை, குண்டு முதலாளி... உன் வாயில அவன் உயிரோட இருந்தான். அதைக் கெடுக்க மனசு வரல."

"தெரிஞ்சுமா கரண்டி வெச்சீங்க?"

"பசியோட போனான்." என்றாள் வெர்தியா. "நான் வளத்த பிள்ளை பசியோட போனான். ஒரு வாய், என் கையால ஒரு வாய் தின்னுட்டுப் போகட்டும்னு... நான் மூத்தவ, நோயாளி. துணைக்கு யாராவது வேணும்னா என்னைக் கூப்பிடுவான்னு நெனச்சேன். நான் தயாரா இருந்தேன்டி."

"இளையதைத்தான் கேப்பாங்க" என்றாள் கெனிமா.

வெர்தியாவின் முகம் மாறியது. இந்த ஊர்ப் பக்கம் அப்படிச் சொல்வதில்லை போலும்.

கெனிமா திரும்பிப் பார்த்தாள். பாயின் ஓரம் தெரிந்தது. அத்திப்பழம் தெரிந்தது.

கால் தெரியவில்லை.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம்.

ஓடினாள். மாடிப்படிக் கதவு திறந்து கிடந்தது. படிகளில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு பெரிய பாதம். பக்கத்தில் ஒரு சின்னப் பாதம். பெரியது. சின்னது. கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள். தனினா. தனினா. மூச்சில் பாசி வாடை அடைத்தது. மேல்தளத்தில் காற்றே இல்லை. மூடுபனி தளத்தின் விளிம்பு வரை உயர்ந்து, தட்டையாக, சாம்பலாக, எல்லாத் திசையிலும் விரிந்து, மிக மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் இல்லை. மலை இல்லை. கம்பிகளுக்கு நடுவே ஈரச் சுவடுகள் நேராக விளிம்புக்குப் போயின.

அங்கிருந்து திரும்பவில்லை.

கீழே விழுந்த சத்தமும் இல்லை. கெனிமா விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். மூடுபனிக்குள் கை மணிக்கட்டு வரை மறைந்தது. எங்கோ, ஆழத்தில், கட்டையில் தண்ணீர் மோதும் ஒலி. துடுப்பு. மறுபடியும் துடுப்பு. தள்ளிப் போகிறது.

ஊரே திரண்டு தேடியது. டார்ச்சும் கயிறுமாய்ச் சரிவில் இறங்கினார்கள். பள்ளத்து முட்புதர்களை வெட்டித் தள்ளினார்கள். மூடுபனி கலைந்த பிறகு வீட்டின் பின்பக்கம் ஒரு புல்கூடச் சாயாமல் நின்றதைப் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. வெர்தியா கூடத்தில் மரத்தட்டின் முன் உட்கார்ந்து, பெரிய கரண்டியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "செத்துட்டான், என் மொக்ரான் செத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கரண்டி இப்போது எளிதாக வந்துவிட்டது. தட்டு காலி.

மறுநாள், ஆண்கள் இன்னும் பள்ளத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கையில், கெனிமா அடுப்பைப் பற்றவைத்தாள். மாவில் தண்ணீர் தெளித்து, உருட்டி, ஆவியில் வேகவைத்தாள். தட்டில் குவித்தாள்.

"என்னடி பண்ற?" என்றாள் வெர்தியா. "வேண்டாம்டி. என் கண்ணு, வேண்டாம். கேளு என்னை."

"அவ செத்துட்டான்னு யார் சொன்னா?" என்றாள் கெனிமா. "அப்பாகூட வெளியூர் போயிருக்கா. நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

குட்டிக் கரண்டியை எடுத்துப் பெயர் சொல்லி நட்டாள். பெரியதை வெர்தியாவின் விரல்களிலிருந்து பிரித்தெடுத்து அதன் பக்கத்தில் நட்டாள். மாடிப்படிக் கதவைத் திறந்து, மூடாமலிருக்க ஒரு செங்கல்லை வைத்தாள். பிறகு தட்டருகே வந்து, பக்கத்தில் இடம் விட்டு, சுவரோரமாக உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது.

முதலில் தண்ணீர் வந்தது. மேல்படியிலிருந்து அடுத்த படிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, அவசரமில்லாமல். பிறகு கனமான கால். அதன் பின்னால், சின்னதாய், ஓட்டமும் நடையுமாய், இன்னொன்று.

கெனிமா அசையவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

தட்டின் மறுபக்கம், யாரும் இல்லாத இடத்தில், தரை நனைந்தது. குட்டிக் கரண்டி மெல்ல எழுந்தது.

அது கெனிமாவின் வாயை நோக்கி வந்தது.